சரிபார்க்காத புள்ளிகளையும் திறந்தே வையுங்கள்: ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐஸ்லாந்தின் நிலநடுக்கங்களையும் எரிமலைகளையும் இரவு பகலாகக் கவனித்துவரும் ரெய்க்யாவிக் அலுவலகத்தாருக்கு,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினிகள் தாமாகக் கணக்கிட்டுத் தரும், மனிதக் கண் இன்னும் படாத நிலநடுக்கப் பட்டியலையும், தரையின் தொடர் அதிர்வைக் காட்டும் அதிர்வுக் கோடுகளையும், தரை ஏறி இறங்குவதைக் காட்டும் ஜிபிஎஸ் வரைபடங்களையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து ஒருநாளும் எடுத்துவிடாதீர்கள். ஆர்வலர்கள் அவற்றைத் தப்பாகப் படிக்கிறார்கள், பீதியைக் கிளப்புகிறார்கள் என்று புகார் வந்தாலும் எடுக்காதீர்கள். புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து வேறு என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதினால் ரெய்க்யாவிக்கில் யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். உங்கள் பக்கத்தை நள்ளிரவில் திறந்துவைத்துக்கொண்டு "இன்னும் வெடிக்கவில்லையா?" என்று பார்த்துக்கொண்டிருக்கும் தமிழர்கள் படிப்பார்கள். அவர்களிடம் சொல்லவும் சில விஷயங்கள் இருக்கின்றன. திறந்த மடலில் இது ஒரு வசதி.

உங்களுக்கு இது அன்றாட வேலை. எங்களுக்கு அப்படி இல்லை. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. 2017 ஜனவரியில் அது சாம்பல் கக்கியதை அந்தப் பக்கம் போயிருந்த ஆய்வுக் கப்பலில் இருந்த விஞ்ஞானிகள் பார்த்துச் சொன்னார்கள். அதன் அதிர்வை வீட்டிலிருந்தபடி நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்வார்ட்ஸெங்கி என்ற ஐஸ்லாந்து எரிமலைப் பகுதியில் தரை நேற்று எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வேடிக்கைதான். ஆனால் அதற்குக் காரணம் நீங்கள் கதவைத் திறந்து வைத்திருப்பது.

ஆர்வலர் என்றால் வேடிக்கை பார்ப்பவர் என்றொரு எண்ணம் உண்டு. உங்கள் நாட்டின் வரலாறே அதை ஒப்புக்கொள்ளாது. 1963 நவம்பர் 14 காலையில் வெஸ்ட்மன் தீவுகளுக்குத் தெற்கே கடலிலிருந்து கரும்புகை எழுவதை முதலில் பார்த்தது ஒரு மீன்பிடிப் படகின் சமையற்காரர். ஏதோ கப்பல் தீப்பிடித்து எரிகிறது என்று நினைத்து, உதவப் போனார்கள். சுர்ட்ஸே என்ற புதிய தீவு பிறந்துகொண்டிருந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் விஞ்ஞானிகள் அங்கேயே தவம் கிடந்தார்கள். முதல் தகவல் சமையற்கட்டிலிருந்து வந்தது.

பத்தாண்டுகள் கழித்து அதே தீவுக்கூட்டத்தில் ஹெய்மாயே தீவு. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறாது. 1973 ஜனவரி 21 இரவிலிருந்தே தரைக்கடியில் சிறு அதிர்வுகள் தொடங்கிவிட்டன. தீவில் யாருக்கும் உறைக்கவில்லை. தென் ஐஸ்லாந்தில் அவற்றைப் பதிவுசெய்தவை இரண்டே கருவிகள். அதில் ஒன்று மிர்டாலூர் பகுதியில் ஒரு விவசாயியின் பொறுப்பில் இருந்தது. ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. ஆனால் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு எங்கே நடக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உள்நாட்டு மலைப்பகுதியாகவும் இருக்கலாம், தீவாகவும் இருக்கலாம். ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஊரின் விளிம்பிலேயே தரை பிளந்தது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. அந்த அதிர்ஷ்டத்தால் ஏறத்தாழ 5,300 பேரும் ஒரே இரவில் கரையேற முடிந்தது. சரியான இடத்தில் மூன்றாவதாக ஒரு கருவி ஓடியிருந்தால் ஒரு நாள் முன்பே ஊரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். இன்று ராஸ்பெரி ஷேக் போன்ற சின்ன நிலநடுக்கமானியை வாங்கித் தன் வீட்டு அடித்தளத்தில் வைத்து, அதன் பதிவை ஊருக்கெல்லாம் திறந்துவிடும் ஆளை "பொழுதுபோக்குக்காரர்" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்கு அந்த மிர்டாலூர் விவசாயிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இன்னும் பின்னால் போனால் பாதிரியார் யோன் ஸ்டெயின்கிரிம்சன். 1783 ஜூன் 8 அன்று லாகி எரிமலைப் பிளவு திறந்தது. அடுத்த எட்டு மாதம் அவர் தன் திருச்சபை மக்களைப் புதைத்துக்கொண்டும், மிச்சமிருந்தவர்களுக்குச் சாப்பாடு தேடிக்கொண்டும், கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைத்தார். எந்த நாள் எந்தத் திசையிலிருந்து இடியோசை கேட்டது, மழைத்துளி இலையில் எப்படி ஓட்டை போட்டது, ஆடுகளின் எலும்பும் ஈறும் எப்படி வீங்கின, காற்றில் என்ன வாடை, சூரியன் என்ன நிறம். அவரிடம் ஒரு கருவியும் கிடையாது. ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்தப் பஞ்சத்தில் செத்தார்கள். அவர் 1788-ல் எழுதி முடித்த பதிவைக் கையில் வைத்துக்கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எரிமலையியலாளர்கள் தோர்வால்துர் தோர்தார்சனும் ஸ்டீபன் செல்ஃபும் அந்த வெடிப்பு பத்துக் கட்டங்களாக நடந்தது என்று நாள்வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் புகை ஆப்பிரிக்க, இந்தியப் பருவமழைகளையே பலவீனமாக்கியது என்றும், நைல் நதியில் நீர் குறைந்ததற்கு அதுவே காரணம் என்றும் பிற்காலக் காலநிலை மாதிரிகள் காட்டுகின்றன. ஆக, உங்கள் எரிமலை எங்கள் விஷயமும்தான்.

இந்த மரபு அறுந்துபோகவும் இல்லை. ஐஸ்லாந்துப் பனியாற்றுக் கழகத்தின் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் பனியாறுகளின் நுனி எவ்வளவு பின்வாங்கியது என்று அளக்கிறார்கள். அந்த அளவெடுப்பு 1930-களிலிருந்து தொடர்கிறது. வாட்னயோகுல் பனிப்படலத்தின் மேல், கிரிம்ஸ்வோட்ன் எரிமலை ஓரத்தில் அவர்கள் கட்டிய குடிசைகளில்தான் விஞ்ஞானிகளும் தங்குகிறார்கள். 2011 மே மாதம் அந்த எரிமலை 20 கிலோமீட்டர் உயரத்துக்குச் சாம்பலை எறிந்தபோது பிரிட்டன் நிலவியல் ஆய்வகம் தன் நாட்டு மக்களிடம் கேட்டது என்ன தெரியுமா? ஒட்டுநாடாவை எடுத்து வெளியில் படிந்த தூசியை ஒற்றியெடுத்து அனுப்புங்கள் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அனுப்பினார்கள். சாம்பல் எங்கெங்கே விழுந்தது என்ற ஆய்வுக் கட்டுரைக்கு அந்த நாடாத் துண்டுகள் ஆதாரமாயின.

சரி, பழம்பெருமை போதும். என் கோரிக்கைக்கு நேரான ஆதாரம் 2014-ல் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அதிகாலை பௌர்தர்புங்காவில் நிலநடுக்கங்கள் தொடங்கின. பனிப்படலத்துக்கு அடியில் இருக்கும் எரிமலை. மேலே பார்த்தால் வெறும் வெள்ளை. பார்க்க இருந்ததெல்லாம் உங்கள் வரைபடத்தில் விழுந்த புள்ளிகள்தான். புதியவை சிவப்பு, பழையவை நீலம், மூன்று ரிக்டருக்கு மேல் போனால் பச்சை நட்சத்திரம். அந்தப் புள்ளிகள் முதலில் தென்கிழக்கே நகர்ந்தன. பிறகு சட்டென்று திரும்பி வடகிழக்கே ஓடின. நாளுக்கு நாள், சில நாள் மணிக்கு மணி, முன்னேறின. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் மாக்மா என்னும் நெருப்புக் குழம்பு பாறையைப் பிளந்துகொண்டு போவதை உலகம் முழுக்க இருந்த பல்லாயிரம் பேர் உங்களோடு சேர்ந்து பார்த்தோம். அஸ்க்யா எரிமலையைப் போய் முட்டுமா, பனிப்படலத்தைத் தாண்டி வெளியே வருமா, உள்ளேயே அடங்கிவிடுமா என்று விவாதம் ஓயவில்லை. நிலவியல் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் விஷயத்தை அந்த இரண்டு வாரத்தில் பலர் வாழ்நாளுக்கும் மறக்காதபடி கற்றுக்கொண்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஆகஸ்ட் 23 அன்று பனிக்கு அடியில் சிறிய வெடிப்பு தொடங்கிவிட்டது என்று அறிவித்து விமானங்களுக்கான எச்சரிக்கையைச் சிவப்புக்கு ஏற்றினீர்கள். விமானத்தில் போய்ப் பார்த்தவர்கள் கண்ணுக்கு வெடிப்பின் அடையாளம் எதுவும் தென்படவில்லை. மறுநாளே, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லி நிறத்தை ஆரஞ்சுக்கு இறக்கினீர்கள். சுற்றி வளைக்கவில்லை, மழுப்பவில்லை. ஒரு அரசு அலுவலகம் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தன் அறிவிப்பைத் தானே திரும்பப் பெறுவதைப் பார்த்துப் பழகாத எங்களுக்கு அதுவே ஓர் அதிசயம்.

அதனால் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை குறைந்ததா? என் அனுபவத்தில் கூடியது. காரணம், நீங்கள் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்களோ அதே புள்ளிகள் எங்கள் முன்னாலும் இருந்தன. நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள் என்பதும் புரிந்தது, ஏன் மாற்றிக்கொண்டீர்கள் என்பதும் புரிந்தது. தரவை மூடிவைத்துவிட்டு அறிவிப்பை மட்டும் வெளியிடும் அலுவலகம் ஒருமுறை பின்வாங்கினால் "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். மறுமுறை பின்வாங்கினால் "எதையோ மறைக்கிறார்கள்" என்பார்கள். ஆகஸ்ட் 29 நள்ளிரவு கழிந்ததும் ஹோலுஹ்ராய்ன் சமவெளியில் சின்னதாக ஒரு பிளவு திறந்தது. மிலா என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வெப்கேமராவில் அதை எல்லோரும் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் அது அடங்கியது. 31-ஆம் தேதி மறுபடி திறந்தது. அப்புறம் 2015 பிப்ரவரி 27 வரை ஓயவேயில்லை. ஏறத்தாழ 85 சதுர கிலோமீட்டர் லாவா; பௌர்தர்புங்காவின் எரிமலைவாய்த் தரை 65 மீட்டர் அளவுக்கு உள்ளே இறங்கியது. லாகிக்குப் பிறகு ஐஸ்லாந்து பார்த்த மிகப்பெரிய லாவாப் பெருக்கு.

இனி எங்கள் பக்கத்துக் குறைகள்.

உங்கள் பழைய பட்டியலில் தரம் என்றொரு நிரல் இருந்தது. அதில் 99 என்று இருந்தால் ஒரு ஆள் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குக் குறைவு என்றால் கணினியின் முதல் ஊகம். பெரும்பாலானவர்கள் அந்த நிரலைப் பார்ப்பதே இல்லை. ரிக்டர் அளவை மட்டும் பார்க்கிறார்கள். கணினி ஒரு நடுக்கத்தை 4.2 என்று போடும்; அரைமணி கழித்து உங்கள் ஆள் அதை 3.1 என்று திருத்துவார், அல்லது அது இரண்டு சின்ன நடுக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்த குழப்பம் என்று தூக்கிவிடுவார். உடனே ஆரம்பித்துவிடும்: "பார்த்தீர்களா, குறைத்துக் காட்டுகிறார்கள்! சுற்றுலா போய்விடும் என்று பயம்!" நூற்றுக்கணக்கான நடுக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும் இரவில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் ஒருவருக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

அதிர்வுக் கோடுகள் இன்னும் மோசம். அரை ஹெர்ட்ஸிலிருந்து நான்கு ஹெர்ட்ஸ் வரை மூன்று பட்டைகளாக வரும் அந்தக் கோடுகள் ஏறினால் மாக்மா மேலே வருகிறது என்று ஒரு பாதி உண்மை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. வட அட்லாண்டிக்கில் புயல் வந்தாலும் கோடு ஏறும். கரையில் மோதும் அலையே தரையை ஆட்டும். காற்று பலமாக அடித்தாலும் ஏறும். கருவிக்குப் பக்கத்தில் வண்டி போனாலும் ஏறும். 2025 ஜூலை 29 அன்று ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது உலகம் முழுக்கக் கருவிகள் துள்ளின. அப்போது உங்கள் நாட்டின் தென்மேற்கில் சுண்ட்னூக்குர் எரிமலைப் பிளவில் லாவாவும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நாடு முழுக்க எல்லா நிலையங்களிலும் கோடு ஒன்றாக ஏறினால் அது வானிலையோ தூரத்து நிலநடுக்கமோதான்; ஒரு இடத்தைச் சுற்றியுள்ள நிலையங்களில் மட்டும் ஏறினால்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரி அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் இருந்தால் பாதி வதந்தி அடங்கும்.

கோடுகளையும் புள்ளிகளையும் மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நல்ல பாடம். பிப்ரவரி 24-ல் 5.7 அளவு நடுக்கத்தோடு ரெய்க்யானெஸ் தீபகற்பம் ஆடத் தொடங்கியது. மூன்று வாரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட நடுக்கங்கள். மார்ச் 3 பிற்பகலில் அதிர்வுத் துடிப்பு ஒன்று பதிவாகி, சில மணி நேரத்தில் வெடிக்கலாம் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், வெடிக்கவில்லை. மார்ச் 19-க்கு முந்தைய நாட்களில் நடுக்கங்கள் குறைந்தே போயிருந்தன. சரி, இந்தத் தடவை இவ்வளவுதான் என்று பலர் கலைந்துவிட்டார்கள். அன்று இரவு 8:45 அளவில் ஃபாக்ராடால்ஸ்ஃபியாட்ல் பக்கத்தில் தரை சத்தமில்லாமல் திறந்துகொண்டது. உங்களுக்கு முதல் தகவல் வந்தது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து. வெப்கேமராவும் செயற்கைக்கோள் படமும் பார்த்து உறுதிசெய்தீர்கள். அந்தத் தீபகற்பத்தில் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் வெடிப்பு, இத்தனை கருவிகள் காத்திருந்தும், ஆரவாரமில்லாமல் வந்தது. ஆடி ஓய்ந்தால் ஆபத்து விலகியது என்று அர்த்தமில்லை என்பதை அன்று நாங்களும் கற்றோம், நீங்களும் எழுதினீர்கள்.

அதே வெடிப்புதான் ஆர்வலர்களுக்குக் கிடைத்த சிறந்த பள்ளிக்கூடமும். மே மாதத்தில் லாவா ஊற்று விட்டுவிட்டுப் பீறிடத் தொடங்கியது. சில நிமிடம் ஓய்வு, பிறகு நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சல், மறுபடி ஓய்வு. ஒரு திரையில் ஐஸ்லாந்து வானொலி தொலைக்காட்சியின் நேரலை, இன்னொன்றில் உங்கள் அதிர்வுக் கோடு. ஊற்று எழும்போது கோடு எழுந்தது. ஊற்று அடங்கும்போது கோடு அடங்கியது. அதிர்வு என்றால் என்னவென்று எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. கண்ணால் பார்ப்பதையும் கருவி சொல்வதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு எப்போதும் வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

இதற்கு எதிராகப் பேச வேண்டியவர்கள் அதே தீபகற்பத்திலுள்ள கிரிண்டாவிக் ஊர் மக்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த மடலை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

2023 நவம்பர் 10 மாலையில் அந்த ஊருக்கடியில் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மாக்மா பிளந்து பரவியது. அது பாய்ந்த வேகம் உச்சத்தில் நொடிக்கு 7,400 கன மீட்டர் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஊரின் ஒரு பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. ஏறத்தாழ 3,800 பேர் இரவோடு இரவாக வெளியேறினார்கள். டிசம்பர் 18 இரவு ஒன்பது மணி அளவில் நடுக்கங்கள் தொடங்கி, 10:17-க்கு சுண்ட்னூக்குரில் பிளவு திறந்தது. எங்களுக்கு விடியற்காலை 3:47. விழித்திருந்தவர்கள் கொண்டாடினார்கள். அதைக் கொண்டாட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 14 அன்று ஊரைக் காக்க எழுப்பிய மண்கரைக்கு உள்ளேயே இரண்டாவது பிளவு திறந்து, மூன்று வீடுகள் எரிந்தன. நேரலை ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வீடு எரிவதை, எங்களோடு சேர்ந்து, அதே திரையில் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் ஓடிய அரட்டையில் யாரோ கைதட்டும் பொம்மைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 8-ல் லாவா சுடுநீர்க் குழாயை அறுத்து, நடுக் குளிர்காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளைச் சூடாக்க வழியில்லாமல் தவித்தார்கள். அதற்கும் "அருமையான காட்சி" என்றே பின்னூட்டம் வந்தது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு எதற்குத் தரவைத் திறக்க வேண்டும் என்று கிரிண்டாவிக்காரர் ஒருவர் கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: உங்களுக்காக. வீட்டுக்குப் போய்ச் சாமான் எடுத்துவர இன்று அனுமதி கிடைக்குமா என்று காத்திருந்தவர்களும் இதே பக்கத்தைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவில் நாங்களும் எட்டிப் பார்க்கிறோம். எங்களை வெளியே தள்ளுவதற்காகக் கதவைச் சாத்தினால் அவர்களும் வெளியே நிற்பார்கள். எங்கள் அநாகரிகத்தைத் திருத்த வேண்டியது நாங்கள்.

ஆகையால் நான் கேட்பவை பெரிய செலவுக்கான விஷயங்கள் இல்லை. திருத்திய நடுக்கத்தைத் திருத்தியது என்று காட்டுங்கள். 4.2 என்று வந்தது 3.1 ஆனால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதைப் போடுங்கள். நீக்கினால் "இரட்டைப் பதிவு" என்றோ "காற்று" என்றோ ஒரு வார்த்தை போதும். மறைந்துபோகும் புள்ளிதான் சந்தேகத்தை வளர்க்கிறது. வரைபடத்திலும் சரிபார்த்தது, சரிபார்க்காதது இரண்டுக்கும் பார்த்தவுடன் தெரியும் வித்தியாசம் இருக்கட்டும். பட்டியலின் ஏதோ ஒரு நிரலில் ஒளிந்திருப்பது போதாது. அதிர்வுக் கோட்டுக்குக் கீழேயே அந்த நிலையத்தின் காற்று வேகத்தையும் அதே நேர அச்சில் போடுங்கள். காற்றை அளப்பதும் நீங்கள்தானே! உலகத்தில் இந்த இரண்டையும் ஒரே அலுவலகத்தில் வைத்திருப்பது ஒரு கொடுப்பினை. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் புரியவேயில்லை.

ஸ்வார்ட்ஸெங்கி விஷயத்தில் நீங்கள் செய்தது முன்மாதிரி. தரைக்குக் கீழே நான்கைந்து கிலோமீட்டரில் மாக்மா சேர்கிறது, தரை உயர்கிறது, ஓர் அளவைத் தாண்டியதும் சுண்ட்னூக்குர் பக்கம் பிளந்து வெளியேறுகிறது, தரை இறங்குகிறது, மறுபடி முதலிலிருந்து. 2023 டிசம்பரிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை ஒன்பது வெடிப்புகள். சென்ற முறை எவ்வளவு சேர்ந்தபோது வெடித்தது, இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வாராவாரம் எழுதினீர்கள். நாள் குறிக்கவில்லை. "இனி வாய்ப்பு அதிகம்; எச்சரிக்கை நேரம் அரைமணியாகக்கூட இருக்கலாம்" என்றீர்கள். சுடுநீர்க் கிணறுகளில் அழுத்தம் மாறுவதையும், தொலைத்தொடர்புக்காகப் போட்ட கண்ணாடியிழை வடம் இழுபடுவதையும் வைத்து அந்த அரைமணியை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதையும் விளக்கினீர்கள். எந்த அளவீட்டுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்த பிறகு, தனி ஆளாக ஒரு ஜிபிஎஸ் புள்ளி எகிறியதைப் பார்த்து அலறுவது குறைந்தது. ஒரு நாள் புள்ளி பனி படிந்த ஆண்டெனாவாகவும் இருக்கலாம் என்று எங்கள் ஆட்களே புதியவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். விளக்கம் கொடுத்தால் கூட்டம் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எரிமலை பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. யூடியூபில் "ஐஸ்லாந்து அழியப்போகிறதா?" என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால் அந்த நடுக்கத்தை ஒரு ஆள் சரிபார்த்துவிட்டாரா என்று பாருங்கள். ரெய்க்யானெஸில் ஒரு பிளவு திறந்தால் விமானங்கள் நின்றுவிடும் என்று சொல்லாதீர்கள். 2010-ல் எயாஃபியாட்லயோகுல் எரிமலை ஐரோப்பிய வானத்தை ஆறு நாள் மூடியது. ஒரு லட்சம் விமானங்கள் வரை ரத்தாயின. பனிப்படலத்தின் கீழே வெடித்து, உருகிய நீரில் மாக்மா நொறுங்கி, நுண்சாம்பலாகி மேலே போனதால் அது நடந்தது. பனியில்லாத தரையில் பிளந்து ஓடும் லாவாவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. கட்லா எரிமலையைப் பற்றி வாரம் ஒருமுறை எழுதுவதையும் கொஞ்சம் நிறுத்தலாம். அது கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-ல். ஒவ்வொரு கோடையிலும் பனி உருகும்போது அங்கே சின்ன நடுக்கங்கள் கூடுவது வழக்கம். ஹெக்லா எரிமலை மட்டும் வேறு ஜாதி. 2000 பிப்ரவரி 26 மாலையில் முதல் சிறு நடுக்கத்துக்கும் வெடிப்புக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்த இடைவெளிக்குள் கண்டுபிடித்து, வெடிப்பதற்கு முன்பே வானொலியில் அறிவித்தார்கள். மலையேறிக்கொண்டிருப்பவருக்கு அந்த அவகாசம் போதாது என்பதால்தான் ஹெக்லா அடிவாரத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் அந்த ஒன்றரை மணியைப் பற்றி அளந்துவிடும்போது மேலே யாராவது ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

ரெய்க்யாவிக் அலுவலகத்தாருக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் அதிர்வுக் கோட்டுப் படங்கள் சில நாட்களில் உருண்டு மறைந்துவிடுகின்றன. மூலப் பதிவுகள் உங்களிடம் பத்திரமாக இருக்கும், ஆய்வாளர்கள் கேட்டால் கிடைக்கும், அது வேறு. சாதாரண ஆள் 2014 ஆகஸ்ட் 23-ன் கோட்டையும் 2021 மார்ச் 3-ன் கோட்டையும் 2023 நவம்பர் 10-ன் கோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். வெடித்த நாளின் கோடு மட்டும் போதாது. வெடிக்காமல் போன நாளின் கோடுதான் அதிகம் கற்றுத்தரும். புயலின் கோடு, கம்சாட்காவின் கோடு, கருவி பழுதான நாளின் கோடு என்று ஒரு பத்துப் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி ஒரு பக்கம் போடுங்கள். ஸ்வார்ட்ஸெங்கியில் தரை ஒன்பதாவது வெடிப்புக்குப் பிறகும் மறுபடி உயரத் தொடங்கிவிட்டது. பத்தாவது வருவதற்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டால், அதைத் தமிழில் எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் புள்ளிகளைத் தூரத்திலிருந்து படித்துவரும் ஒரு தமிழ் வாசகன்